குற்றாலத்தில் தண்ணி விழுதா?

ஐம்பத்து மூன்று வயதில் நான் கல்லூரியில் சேர்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேர்ந்த காரணத்தைச் சொல்ல இன்னும் வெட்கம். கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. ‘மாற்றத்தை உருவாக்கப் பிறந்தவரா நீங்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். கீழே ‘ஆம்’ என்று ஒரு பொத்தான். ‘இல்லை’ என்பதற்கும் ஒன்று இருக்கும் என்று தேடினேன், இல்லை. கேட்டவர்கள் மனம் கோண வேண்டாமே என்று அழுத்திவிட்டேன். மறுநாளே ஒரு பெண் அழைத்து, என்னைப் போன்ற அனுபவசாலிகளைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இத்தனை வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் மறுப்புக் கடிதத்தோடு வந்தவர்கள்தான். உருகிவிட்டேன்.

படிப்பின் பெயர் ‘புத்தாக்கம், தொழில்முனைவு மற்றும் பொதுக்கொள்கை’. முதுகலை. சென்னையில் வார இறுதி வகுப்பு. இந்த மூன்றில் எதுவும் எங்கள் பரம்பரையில் கிடையாது. என் அப்பா அரசு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை புதிதாக எதையும் செய்துவிடாமல் பார்த்துக்கொண்டவர். என் மனைவி பரணிலிருந்து பழைய டிபன் பாக்ஸை எடுத்து, துடைத்து, கையில் கொடுத்தாள். அதைவிடக் கடுமையாக யாரும் என்னை விமர்சித்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் களப்பணி. இருவர் இருவராகச் சேர்ந்து, ஓர் ஊருக்குப் போய், பொதுமக்களுக்கு ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்குப் புதிய தீர்வு சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு ஜமீலா கிடைத்தாள். ஜமீலாவுக்கு நான் கிடைத்தேன். எது பாக்கியம், எது தண்டனை என்பதில் வகுப்பில் இரண்டு கருத்து இருக்கவில்லை.

ஜமீலாவுக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் கடையநல்லூர். மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கொள்கை ஆய்வாளர் பணி ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, இந்தக் களப்பணியில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஊரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும் என்பது அவளுக்கும் அப்பாவுக்கும் இடையிலான உடன்படிக்கை. எனக்கு இந்தப் படிப்பு பொழுதுபோக்கு. அவளுக்கு அது வாசல். அந்த வாசலில் நான் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன்.

குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். காரணம் என் நண்பன் குற்றாலிங்கம். மதுரையில் ஒன்றாகப் படித்தோம். தென்காசிக்குப் பக்கத்தில், அருவிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், இலஞ்சியில் வீடு. ஒவ்வொரு வருடமும் ஆனி பிறந்ததும் அவனுக்குப் போன் செய்து, “தண்ணி விழுதா?” என்று கேட்பேன். தென்காசிப் பக்கம் ஒரே ஒரு சொந்தக்காரர் இருக்கிற எல்லோரும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அந்த மாதத்தில் கேட்கிற கேள்வி அது. குற்றாலிங்கம் வருத்தமாகச் சொல்வான்: “சொட்டு கெடையாதுடே. பாறை பல்லக் காட்டிக்கிட்டு நிக்கி. வந்து ஏமாந்து போவாத.”

மறுநாள் பத்திரிகையில் அருவி கொட்டுகிற படம் வரும். இரண்டில் ஒன்று பொய். பத்திரிகைக்காரர்களோடு பழகியவன் என்பதால் நான் பத்திரிகையைத்தான் சந்தேகித்தேன். பழைய படத்தைப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருமுறை, மேற்குத் தொடர்ச்சி மலை வறண்டுவிட்டது பற்றி உருக்கமாக ஒரு கட்டுரைகூட எழுதினேன். வாசகர்கள் கலங்கி எழுதினார்கள். என் ஒரே ஆதாரம் குற்றாலிங்கம்.

ஆக, எங்கள் திட்டம் இது: அருவிகளைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் விடுதிக்காரர்களும் தினமும் நீர்வரத்தைக் கைப்பேசியில் தெரிவிப்பார்கள். அதைத் தொகுத்து, ‘இல்லை, சுமார், நன்று, ஆபத்து’ என்று நான்கே சொல்லில் பயணிகளுக்குச் சொல்வோம். பேராசிரியர் சனிக்கிழமை நேரில் வந்து சோதிப்பார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆதாரம்’. காலை வணக்கம் சொன்னால்கூட, காலை என்பதற்கு ஆதாரம் கேட்பார்.

திங்கட்கிழமை தென்காசியில் இறங்கினேன். சென்னையில் அந்த நேரத்துக்கு முகத்தில் அடுப்பைத் திறந்தது போல் இருக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டே மழையும் தூறியது. இரண்டில் எது உண்மை என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

“அருவில தண்ணி விழுதா?” என்றேன் ஆட்டோக்காரரிடம்.

“கொட்டுது சார்! அஞ்சருவி, பழைய குத்தாலம், புலியருவி, எல்லாத்தயும் சுத்திக் காட்டுதேன். ஏறுங்க.”

“நான் இலஞ்சி வரைக்கும்தான்.”

“அப்படியா? இன்னைக்கு அம்புட்டா இல்ல” என்றார். ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் அருவி வற்றிவிட்டது.

குற்றாலிங்கம் வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் அவன் முகத்தில் வந்தது மகிழ்ச்சி இல்லை. அடுத்த கணம் வந்துவிட்டது. “வாடே வாடே! என்னடே, சொல்லாம கொள்ளாம?”

அவன் தலைக்குப் பின்னால் மலை முழுக்க மேகம். என் சட்டை நனைந்திருந்தது. “இவ்வளவு தூறுதே” என்றேன்.

“இது சாரல்லா? காத்துல பறந்து வருது. இதுக்கும் அருவிக்கும் சம்பந்தமே கெடையாது.”

அவன் மனைவி கோமதி மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் போட்டாள். உளுந்தும் தேங்காயும் குழைந்த அந்தச் சோற்றைச் சாப்பிட்டால் யாரையும் சந்தேகிக்கத் தோன்றாது. உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் முறை பரிமாறும்போது, “எத்தன நாள் இருப்பீகண்ணே?” என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை வரை என்றேன். கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

செவ்வாய்க்கிழமை கடையநல்லூருக்குப் போனேன். அதாவது, கடையநல்லூர் என்று நினைத்து ஒரு மினி பஸ்ஸில் ஏறி சுந்தரபாண்டியபுரத்தில் இறங்கினேன். சூரியகாந்தி வயல் நடுவே கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர் என்னைப் பார்த்து, “பெரியவரே, கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வாரீக” என்றார். நாட்டில் மாற்றத்தை உருவாக்க வந்தவனை அன்று முதலில் நகரச் சொன்னவர் அவர்தான்.

ஜவுளிக்கடையில் ஜமீலாவின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைலிகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் வாத்தியாரா?”

“இல்லை. ஜமீலாகூடப் படிக்கிறேன்.”

“யாரு?”

“நான்தான்.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “இவுகளா உன் கூடப் படிக்குத பையன்?”

“ஆமா அத்தா. சொன்னேன்லா.”

“பையன்னுல்லா சொன்ன?”

“சார்னுதான் சொன்னேன். நீங்கதான் பையன்னு நினைச்சு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க.”

அவர் முகத்தில் ஒரு சந்தேகம் தீர்ந்து இன்னொன்று பிறந்தது. தேநீர் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்: “ரிடையர்டு ஆகுத வயசுல என்னத்துக்குப் படிக்கீக? வீட்டுல ஏதும் பிரச்சினையா?” பொத்தான் கதையைச் சொல்ல முடியுமா?

கிளம்பும்போது தாழ்ந்த குரலில், “புள்ள பாஸாயிருமா?” என்றார். அந்தக் கேள்வியில் கடையில் உட்கார ஆள் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, மகள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. “ஆயிடும்” என்றேன். என் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ அவர் கவலை கூடிற்று.

தன்னார்வலர்களைச் சேர்ப்பது எளிதாக இருந்தது. ஊர்க்காரர்களைக் குற்றாலிங்கம் பிடித்துக் கொடுத்தான். எல்லாம் அவன் சொந்தமும் சிநேகமும். விடுதிக்காரர்களைப் பிடிக்க வேண்டியிருக்கவே இல்லை. பயணிகளுக்குத் தகவல் போகும் என்றதும் அவர்களே கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்கள். இவ்வளவு சுலபமாக நடந்த எதுவும் என் வாழ்க்கையில் நன்றாக முடிந்ததில்லை.

புதன்கிழமை காலை தகவல்கள் வந்தன. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ‘இல்லை’. விடுதிக்காரர்கள் அத்தனை பேரும் ‘நன்று’. ஒருவர் ‘நன்று’ என்று போட்டுக் குளிர்சாதன அறையின் படத்தையும் இணைத்திருந்தார்.

“ஒரே அருவிதானே அங்கிள்?” என்றாள் ஜமீலா. அதுவரை சார் என்றவள், அன்று நெருக்கடியில் அங்கிளுக்கு மாறிவிட்டாள்.

நேரில் போய்ப் பார்த்தோம். பேரருவியில் நடுத்தரமாக விழுந்தது. ஆண்கள் பக்கத்தில் வரிசை, பெண்கள் பக்கத்தில் வரிசை. ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்கிற கூட்டம். ரம்புட்டான் கடைகள். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் என் வழுக்கையைப் பார்த்துவிட்டு, “சார், ஒங்களுக்குக் கொஞ்ச எண்ணதான் ஆவும்” என்று அழைத்தார். சிற்றருவியில் நூல் போல ஒழுகியது. ஆக இரு தரப்பும் பொய். என் கையிலிருந்த மங்குஸ்தான் பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அன்று எங்களிடம் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே உள்ளூர்வாசி.

மாலையில் தென்காசிக் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் ஒரு காற்று உண்டு. நுழையும்போது எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பாதி கடந்ததும் பின்னால் வந்து முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். வா என்கிறதா, போ என்கிறதா என்று கடைசிவரை தெரியாது. விருந்தாளிகளை வரவேற்க இந்த ஊர்க்காரர்கள் அந்தக் காற்றிடம்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வியாழக்கிழமை. ஜமீலாவும் நானும் குற்றாலிங்கம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தகவல்கள் ஏன் முரண்படுகின்றன என்பதற்குப் பாடப்புத்தகத்தில் விளக்கம் தேடிக்கொண்டிருந்தோம். கோமதிக்குப் போன் வந்தது. மதுரையிலிருந்து மதினி.

“தண்ணியா? எங்க மதினி! சொட்டு இல்ல. மலையப் பாத்தாலே அழுகயா வருது. பிள்ளைகளக் கூட்டிட்டு அம்புட்டுத் தூரம் வந்து... ச்சே, பாவம்லா?” என்று உருகியவள், சன்னலைப் பார்த்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு மாடியில் இருந்த மகளைப் பார்த்துக் கத்தினாள்: “ஏட்டி செண்பா! கொடில கெடக்க துணிய எடுட்டி மூதி! சாரல் அடிச்சு ஊத்துது!” பொத்திய கையை எடுத்து, அதே உருக்கத்தோடு தொடர்ந்தாள்: “ஆமா மதினி. ஒரே வெக்க.”

நான் குற்றாலிங்கத்தைப் பார்த்தேன். அவன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

“டேய்” என்றேன்.

“என்னடே.”

“இத்தனை வருஷமா?”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “ஏலே, நீ ஒருத்தன்னா வாடேன்னு சொல்லிருவேன். நம்ம கூடப் படிச்சவன் எத்தன பேரு? அவ கூடப் பொறந்தவுக எத்தன பேரு? அவுகளுக்குச் சம்பந்தி வேற. தண்ணி விழுதுன்னு ஒருத்தன்ட்ட சொன்னா ஒரு வேன் வரும்டே. ஈரத்துண்டு காயப்போட எடமில்லாம நாங்க மாடிப்படில படுத்த வருஷமெல்லாம் உண்டு. இங்கன ஒரு வீடு கூட ஆமான்னு சொல்லாது. சொன்னா அடுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அவன் சொந்தக்காரனும் அதே வேன்ல வந்துருவான்லா.”

“நான் கட்டுரை எழுதினேன்டா. மலை வறண்டுடுச்சுன்னு.”

“படிச்சேன்” என்றான். “நல்லா இருந்துது.”

எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. ஜமீலாவுக்கு இரண்டும் வரவில்லை. அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பா இரண்டு கை கொள்ளாமல் ஈரத்துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி ஒரே மூச்சுல ஒரு பொய்யும் ஒரு உண்மையும் சொன்னாங்க. கவனிச்சீங்களா? அருவியப் பத்திப் பொய். துணியப் பத்தி உண்மை.”

“அதனால?”

“பொய் சொல்லக் காரணம் இருக்குற கேள்வியாக் கேக்குறோம். பொய்தான வரும்? துணி காஞ்சுதான்னு கேப்போம். துணியப் பத்தி எதுக்குப் பொய் சொல்லணும்?”

இரண்டு வருடம் புத்தாக்கம் படித்ததில் நான் கண்ட ஒரே புத்தாக்கம் அது. சாரல் தொடர்ந்து அடித்தால் மலையில் மழை. மலையில் மழையென்றால் அருவி. கொடியில் துணி காய்ந்தால் அருவி மெலியும். வீட்டுக்குள் கயிறு கட்டி நாளெல்லாம் தொங்கவிட்டும் காயவில்லையென்றால் வெள்ளம். விடுதிக்காரர்களுக்கும் ஒரு வழி சொன்னாள். அவர்களிடம் அருவியைப் பற்றிக் கேட்கவே கூடாது; அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ‘வாங்க வாங்க, எப்ப வாரீக?’ என்றால் பாறை காய்கிறது. ‘எத்தன பேரு? பாக்கணுமே’ என்று இழுத்தால் தண்ணீர் விழுகிறது. போனையே எடுக்காவிட்டால் கொட்டுகிறது.

இந்தச் சந்தோஷத்தில் அன்று மாலை கேரள எல்லை போகிற சாலையில் பரோட்டா சாப்பிட்டோம். ஜமீலாவின் அப்பாவும் வந்திருந்தார், என்னைக் கண்காணிக்க. சென்னைப் பரோட்டாவை மூன்று நாள் கழித்தும் சாப்பிடலாம், வித்தியாசம் தெரியாது. இது இலையில் விழுந்ததுமே உதிர்ந்தது. கோழி நாட்டுக்கோழியா என்று கேட்டேன். “நேத்து வரைக்கும் எங்க வீட்டு முத்தத்துலதான் நின்னுது” என்றார் பரிமாறியவர். பக்கத்து மேசையிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த மேசையிலும். ஒரு முற்றத்தில் அவ்வளவு கோழி நிற்குமா? ஆனாலும் இரண்டாம் தட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை இலஞ்சித் தெருக்களில் வீடு வீடாகப் போனோம். ஜமீலா எல்லா இடத்திலும் உண்மையையே சொன்னாள்: படிப்புக்காகக் கேட்கிறோம், இதை வைத்து அருவி நிலவரத்தைக் கணிப்போம் என்று. ஒருவரும் நம்பவில்லை.

“துணி காஞ்சுதான்னா கேக்கீக? சோப்புக் கம்பெனியா?”

“இல்லம்மா, படிக்கோம்.”

“இவுகளுமா படிக்காக?” என்று என்னைக் காட்டிச் சிரித்தாள் அந்த அம்மாள். “நம்புத மாதிரி சொல்லு பிள்ள. சாம்பிள் பாக்கெட்டு இருந்தா குடு.” பிறகு உள்ளே பார்த்து, “எக்கா, இங்கன வந்து பாரு, ஒரு தாத்தா காலேஜ்ல படிக்காகளாம்!” என்றாள். பக்கத்து வீடுகள் திறந்தன. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே துணியைப் பற்றிப் பொரிந்து தள்ளினார்கள். “எங்க காயுது? நேத்துத் தொவச்ச பாவாட இன்னும் சொதசொதன்னு கெடக்கு.” “எங்க வீட்டுக்காரரு ஈர பனியனப் போட்டுட்டு வேலைக்குப் போறாரு.” “கட்டுலு காலு, ஃபேனு, சாமி ரூமு, எல்லா எடத்துலயும் துணிதான் தொங்குது.” அப்போதே ஜமீலா அறை கேட்டு விடுதிகளுக்குப் போன் செய்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

அன்று மாலை பேராசிரியருக்கு மறுநாள் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் தேர்வு. ஜமீலா ‘ஆபத்து, குளிக்கத் தடை இருக்கும்’ என்று எழுதினாள்.

“‘சுமார்’னு போடுவோமே. எப்படியும் பாதி சரியா இருக்கும்” என்றேன்.

“உங்களுக்குத் தப்பானா ஒரு கட்டுரை கெடைக்கும் அங்கிள். எனக்குத் தப்பானா கடை” என்றாள். “அதனால நான் எதை நம்புறேனோ அதத்தான் போடுவேன்.” அனுப்பிவிட்டாள்.

பேராசிரியர் உடனே அழைத்தார். அவர் ஏற்கெனவே ஒரு விடுதியில் வந்து இறங்கியிருந்தார். “ஆதாரம்?”

“இலஞ்சில ஒரு வீட்டுலயும் துணி காயல சார்.”

“ஈரப் பாவாடையை வைத்துப் பொதுக்கொள்கை வகுக்கச் சொல்கிறீர்களா? இங்கே மேலாளர் நேரில் பார்த்தவர். அருவி பிரமாதமாக இருக்கிறது, காலையில் போய்க் குளியுங்கள் என்கிறார்.”

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு சார். நீங்க ரூம் எடுத்தாச்சு.”

சனிக்கிழமை விடிந்ததும் ஐந்தருவிக்குப் போனோம். வழியெல்லாம் ஜமீலா மாடிகளில் துணி தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அருவி தெரிவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் கேட்டது. பக்கத்தில் போனதும் ஐந்து கிளையும் தெரியவில்லை. தேநீர் நிறத்தில், ஒரே சுவராக, மரக்கிளைகளும் இலைகளுமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசிலைக் கடித்துக்கொண்டு, “தடை! தடை! எல்லாரும் பின்னால போங்க!” என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

கயிற்றை ஒட்டி, இடுப்பில் துண்டோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பளபளக்க ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பேராசிரியர். மேலாளரை நம்பி, விடுதி வாசலிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். தொட்டால் வழுக்கிவிடுவார் போலிருந்தது. கூட்டம் அவரைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தது.

“ஏய் எண்ண, ஒமக்குத்தான் சொல்லுதேன், தள்ளும்!” என்றார் போலீஸ்காரர்.

பேராசிரியர் தள்ளி வந்து எங்களைப் பார்த்தார். ஜமீலா வணக்கம் சொன்னாள். அருவியைக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அவர் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். அது மேலும் பரவியது. “ஜமீலா” என்றார், “ஆதாரம் போதும். நீ தேறிவிட்டாய்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இதில் உங்கள் பங்கு என்ன?”

நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அங்கிள் இல்லன்னா யாரும் வெளியவே வந்துருக்க மாட்டாங்க சார்” என்றாள் ஜமீலா. “இந்த வயசுல ஒருத்தர் படிக்காராமேன்னு பாக்கத்தான் தெருவே வந்துச்சு. வந்தவங்கதான் துணியப் பத்திச் சொன்னாங்க.”

பேராசிரியர் என்னைச் சற்று நேரம் ஆராய்ந்தார். “சரி” என்றார். காட்சிப் பொருளாக இருந்து முதுகலைக் களப்பணியில் தேறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் விடுதிக்குத் திரும்பி வாளியில் மொண்டு குளித்தார்.

கடையநல்லூரில் ஜமீலாவின் அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த கைலிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. என் கையில் ஒரு கைலியைத் திணித்து, “நல்லாப் படிங்க” என்றார்.

ஜமீலா இப்போது மாவட்ட நிர்வாகத்தில் இருக்கிறாள். எப்போதாவது பேசுவாள். துணியை வைத்து வெள்ள எச்சரிக்கை தர முடியும் என்று ஒரு கூட்டத்தில் விளக்கப் போவதாகப் போன மாதம் சொன்னாள்.

இந்த வருடம் ஆனி பிறந்ததும் இலஞ்சிக்குப் போன் செய்தேன். நான் இப்போது முதுகலைப் பட்டதாரி, ஏமாற மாட்டேன். கோமதி எடுத்தாள். நலம் விசாரித்தேன். செண்பாவின் படிப்பைக் கேட்டேன். அருவி என்ற சொல்லையே எடுக்காமல், பேச்சோடு பேச்சாக, “துணியெல்லாம் நல்லாக் காயுதாம்மா?” என்றேன்.

“அதுவாண்ணே?” என்றாள் கோமதி, அன்று மதினியிடம் பேசிய அதே உருக்கத்தோடு. “அந்தப் பிள்ள வந்து கேட்டுட்டுப் போனதுல இருந்து எங்க தெருவுல எல்லாரும் டிரையர் வச்ச மெஷின் வாங்கிட்டோம். இப்பம் வெளிய வெயிலா மழையான்னே எங்களுக்குத் தெரியாது.”